கூதிரும் சீசனும்: மலைக்குச் செல்லும் பருவம் குறித்துச் சில

பங்குனி பாதி கழியுமுன்னரே பொன்னமராவதியில் வெயில் ஏறிவிடுகிறது. விடைத்தாள்கள் திருத்தப்படும் காலம் அது. ஆசிரியர் அறைகளிலும் கடைவீதியிலும் பேருந்து நிலையத்திலும் ஒரே வினா கேட்கத் தொடங்கும்: இந்த ஆண்டு கோடைக்கானலுக்கு எப்போது புறப்படலாம்? மே மாதம் என்பதே விடை. முதல் வாரமா, மலர்க்கண்காட்சி நடக்கும் வாரமா என்பதில் மட்டுமே கருத்து வேறுபாடு. தை மாதத்தில் ஒருவர் மலைக்குப் புறப்பட்டால், 'சீசன் இல்லாத நேரத்தில் போகிறாரே' என்று நாம் இரக்கப்படுகிறோம்.

இந்தச் 'சீசன்' என்னும் சொல்லை நாம் ஆராய்ந்து பார்ப்பதில்லை. மழைக்காலம், பனிக்காலம் போல இதுவும் இயற்கை வகுத்த ஒரு காலம் என்றே எண்ணியிருக்கிறோம். ஆனால் மலையூர்களின் மே மாதச் சீசனுக்கு இருநூறு ஆண்டு வயதுகூட நிறையவில்லை. அதற்கு முன்பு இப்பக்கத்து மக்கள் மலையையோ மலையடிவாரத்தையோ நாடிச் செல்லாமல் இல்லை. வேறொரு பருவத்தில் சென்றார்கள்.

தமிழ் இலக்கணத்திலிருந்து தொடங்குவதே நமக்கு வசதி. ஒரு நிலத்துக்கு உகந்த பருவம் எது என்ற வினாவை எழுப்பி விடையும் கூறிய இலக்கண நூல் தொல்காப்பியம். அதில் நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள். பொழுதைப் பிரித்துவிட்டு நிலத்தை மட்டும் தனியே பேச அகத்திணையியல் இடம் தருவதில்லை. முல்லைக்குக் காரும் மாலையும். பாலைக்கு வேனிலும் நண்பகலும். குறிஞ்சிக்குக் கூதிரும் நள்ளிரவாகிய யாமமும். குறிஞ்சிக்கு முன்பனியும் உரியது என்று மேலும் ஒரு சலுகை உண்டு. மாதக் கணக்கில் சொன்னால், கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். முன்பனி என்பது மார்கழியும் தையும். மலைக்கு உகந்த காலம் எது என்று தொல்காப்பியரிடம் கேட்டிருந்தால் அவர் சித்திரையையோ வைகாசியையோ சொல்லியிருக்க மாட்டார். அவை அவருடைய பகுப்பில் வேனிலைச் சேர்ந்தவை. வேனிலோ பாலைக்கு உரியது, பிரிவின் காலம். வெயில் மிகும்போது குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகிவிடும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம்.

(இங்கே ஒரு சிறு செய்தி. நம் ஊரை வாட்டும் கத்திரி வெயில் சித்திரைக் கடைசியிலும் வைகாசியிலும் வருகிறது. உரையாசிரியர் கணக்கில் அது இளவேனில். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிக்கிறார்கள். 'இதுவே இளவேனில் என்றால் முதுவேனில் எப்படி இருக்கும்?' என்று கேட்கவும் செய்கிறார்கள்.)

குறிஞ்சியைப் பற்றிப் பேசப் பொன்னமராவதிக்கு ஒரு தனி உரிமை உண்டு. ஊருக்கு மேற்கே பத்துக் கல் தொலைவுக்குள் நிற்கிறது பிரான்மலை. அதுவே பாரியின் பறம்பு என்பது வழிவழியாக வரும் கொள்கை. பாரியின் நண்பராகிய கபிலர், குறிஞ்சித் திணையைப் பாடுவதில் தமக்கு நிகரில்லை என்று பெயர் பெற்றவர். குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கியவரும் அவரே. அகத்திணையை ஆராய்ந்து 'தமிழ்க்காதல்' எழுதிய வ.சுப. மாணிக்கனார் பிறந்த மேலைச்சிவபுரியும் நம் அருகிலுள்ள ஊர்தான். மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசனார் 1909இல் சன்மார்க்க சபையைத் தொடங்கியது அவ்வூரில். மலைக்கும் பொழுதுக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்க்க இவ்வளவு காரணங்கள் இருந்தும், கோடைக்கானல் என்றதும் நாம் பள்ளி விடுமுறையை மட்டுமே நினைக்கிறோம்.

ஏட்டில் உள்ளது கிடக்கட்டும், மக்கள் வழக்கம் என்ன என்று கேட்கலாம். அதற்கும் விடை நம் வட்டாரத்திலேயே உண்டு. நகரத்தார் ஊர்களிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி நோக்கிப் புறப்படும் காவடிப் பயணம் ஏறத்தாழ 400 ஆண்டுப் பழமையுடையது என்பது மரபு. உப்பு வணிகத்துக்காகப் பழனிக்குச் சென்ற வணிகரோடு அதைத் தொடர்புபடுத்திச் சொல்வார்கள். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நடந்து பழனியை அடைவர். காவடிக்காரர்கள் திரும்பும்போதும் நடந்தே திரும்புவர். இன்று கோடைக்கானலுக்குப் போகிற நம் பேருந்துகளும் சிற்றுந்துகளும் திண்டுக்கல் வரையில் பெரும்பாலும் இதே சாலையைப் பற்றியே ஓடுகின்றன. பழனியும் கோடைக்கானலும் ஒரே மலைத்தொடரைச் சார்ந்தவை. ஒன்று வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது, மற்றது மேலே. ஆக, ஒரே திசை, ஏறக்குறைய ஒரே வழி, ஒரே மலை. மாறியது மாதம் மட்டுமே. முன்பனியில் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் வேனிலில் செல்கிறோம். பயிர் வேலை சற்று ஓய்ந்திருக்கும், மழை விட்டிருக்கும், குளங்களில் நீர் இருக்கும், வெயில் சுடாது. நெடுந்தூரம் நடக்கிறவனுக்குத் தை மாதம் எவ்வளவு பொருத்தம் என்பது நடந்தவர்களுக்குத் தெரியும்.

மாதம் எப்படி மாறியது என்பதே இனி நாம் பார்க்க வேண்டியது.

நீலகிரியில் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் அம்மலையின் மேல் ஏறியது 1819 ஜனவரியில். மார்கழி முடியும் நாட்கள் அவை. அவர் மனத்தைப் பறிகொடுத்தது முன்பனிக் கால மலையிடம்தான்; இலக்கணப்படி சரியான பருவத்தில்தான் போயிருக்கிறார். ஆனால் அவருக்குப் பின்னே ஏறியவர்கள் மலையின் அழகுக்காகப் போகவில்லை. சமவெளியின் வெம்மைக்கும் நோய்க்கும் தப்பிப் போனார்கள். முதலில் நோயுற்ற படைவீரர்கள், பிறகு அதிகாரிகள், அவர்களின் குடும்பங்கள். 1870 முதல் உதகமண்டலம் சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகராகவே ஆயிற்று. ஆளுநரும் செயலாளர்களும் கோப்புகளும் எழுத்தர்களும் ஆண்டுதோறும் மலையேறினர். மக்கள் வரிப்பணத்தில் நடந்த இந்த இடப்பெயர்ச்சியை இந்தியப் பத்திரிகைகள் கடுமையாகக் கண்டித்தன. ஆயினும் நிற்கவில்லை. விருந்தும் நடனமும் குதிரைப் பந்தயமும் சேர்ந்த அந்த மாதங்களுக்குத்தான் ஆங்கிலேயர் தம் நாட்டு வழக்கப்படி 'சீசன்' என்று பெயரிட்டனர். நாம் அச்சொல்லை மொழிபெயர்க்காமலே ஏற்றுக்கொண்டோம்.

கோடைக்கானலின் கதை சற்று வேறு. அது துயரத்தில் தொடங்குகிறது. 1821இல் வார்டு என்னும் படை அதிகாரி அம்மலைகளை அளந்தார். 1834இல் மதுரைத் துணை ஆட்சியர் ஒருவரும் சென்னை வருவாய் வாரிய உறுப்பினர் ஒருவரும் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறிச் செண்பகனூரில் ஒரு சிறு வீடு கட்டினர். அதே 1834இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் மதுரைக்கு வந்து பணியைத் தொடங்கினர். காலராவும் காய்ச்சலும் அவர்களைப் பிடித்தன. மனைவியரையும் குழந்தைகளையும் அடுத்தடுத்துப் புதைக்க நேர்ந்த மனிதர்கள் குளிர்ந்த இடம் ஒன்றைத் தேடினார்கள். முதலில் அவர்கள் கண்ணில் பட்டது சிறுமலை. நத்தத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே காவடிப் பயணிகள் பார்த்துக்கொண்டே நடக்கிற மலை அது. ஆனால் சிறுமலையிலும் காய்ச்சல் விடவில்லை. அதன் பிறகே இன்னும் உயரமான பழனிமலைக்குச் சென்று 1845இல் கோடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். சிறுமலை மட்டும் காய்ச்சல் இல்லாத மலையாக இருந்திருந்தால் கோடைக்கானல் இன்று எப்படி இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அம்மையநாயக்கனூர் வரையில் இருப்புப்பாதை வந்தது 1875இல். 'கோடைக்கானல் ரோடு' என்று இன்று நாம் அறியும் நிலையம் அதுவே. அதன் பிறகும்கூட, நிலையத்தில் இறங்கியவர்கள் இரவெல்லாம் மாட்டுவண்டியில் அடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து குதிரையிலோ கால்நடையாகவோ ஏறினர். ஏற இயலாத பெண்களையும் குழந்தைகளையும் டோலியிலும் நாற்காலியிலும் வைத்து நம்மவர்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். மேலே போகிறவர்களுக்கு அது வெயிலிலிருந்து விடுதலை. சுமக்கிறவர்களுக்கு ஆண்டிலேயே கடுமையான உழைப்பு, கடுமையான மாதத்தில். சீசன் என்ற சொல்லுக்கு அவர்கள் என்ன பொருள் கொண்டிருப்பார்கள் என்பதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. மோட்டார் வண்டிகள் ஏறும் மலைச்சாலை 1914-16 ஆண்டுகளில்தான் பயனுக்கு வந்தது.

மதுரை ஆட்சியராக இருந்த வெர் லெவிஞ்ச் 1863இல் ஓடைகளைத் தடுத்து ஏரியை அமைத்தார். தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவந்தவரும் அவரே. நாம் இயற்கைக் காட்சி என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்வது 160 ஆண்டுப் பழமையுடைய ஒரு கரையணைதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் புதுக்கோட்டைச் சீமை முழுதும் ஏரி வெட்டி வாழ்ந்த நாடு. வெட்டிய நீர்நிலையின் அழகு நமக்குத் தெரியும். ஊர் எவ்வளவு தூரம் வடிவமைக்கப்பட்டதோ, அவ்வளவு தூரம் அதன் பருவமும் வடிவமைக்கப்பட்டது என்பதற்காகச் சொன்னோம்.

கோடை விடுமுறை என்னும் ஏற்பாடும் அந்த ஆட்சியோடு வந்ததே. நீதிமன்றங்களும் பள்ளிகளும் கல்லூரிகளும் ஏப்ரலில் மூடி ஜூனில் திறந்தன. விடுதலைக்குப் பின் ஆட்சி மாறியது, நாட்காட்டி மாறவில்லை. துரைமார் காலி செய்த மாதத்தை நடுத்தர வகுப்பார் நிரப்பினோம். பிறகு பேருந்து எல்லோரையும் ஏற்றிச் சென்றது. அந்த ஒன்றில் மட்டும் நமக்கு மகிழ்ச்சியே. சிலருக்கு மட்டும் உரியதாக இருந்த குளிர் எல்லோருக்கும் கிடைத்தது பெரிய செய்தி.

இப்போது மலையின் பக்கமிருந்து பார்ப்போம். கோடைக்கானலில் மே மாதப் பகல் வெப்பம் ஏறத்தாழ 20 பாகை. டிசம்பரில் ஏறத்தாழ 17 பாகை. மூன்று நான்கு பாகைதான் வேறுபாடு. நம் மாவட்டத்திலோ மார்கழிப் பகல் 29 பாகை என்றால் கத்திரிப் பகல் 38ஐத் தாண்டும். ஆகவே மே மாதத்தில் மலை சிறப்பாக எதையும் செய்துவிடுவதில்லை. கீழே நாம் கொதித்துக்கொண்டிருப்பதால் அது சிறந்ததாகத் தெரிகிறது. மலர்க்கண்காட்சியும் அப்படியே. அந்தப் பூக்கள் மே மாதத்தில் தாமாகவே மலர்ந்துவிடுவதில்லை; அந்த வாரத்தில் மலரும்படி தோட்டக்காரர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே நாற்று விட்டு, நட்டு, காத்து நிற்கிறார்கள். அவர்களின் கைத்திறனைப் பாராட்டுகிறோம். ஆனால் அது மலையின் மலர்ச்சி அன்று.

மலை தானே வகுத்த சீசன் ஒன்றைக் காண வேண்டுமானால் குற்றாலத்துக்குப் போக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து ஆனி, ஆடி மாதங்களில் சாரலைத் தூவும்போது அருவி விழும். காற்று வராவிட்டால் விழாது. அரசு ஆணையோ பள்ளி நாட்காட்டியோ அங்கே செல்லாது. புறப்படுமுன் 'தண்ணீர் விழுகிறதா' என்று கேட்டுத்தான் மூட்டை கட்டுகிறோம். திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் அந்த மலைவளம் அவ்வளவு உயிரோடு இருப்பதற்கு, காற்றையும் நீரையும் கண்ணால் கண்டவர் அவர் என்பதே காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

கோடைக்கானலுக்கும் தனக்கே உரிய பருவங்கள் உண்டு. பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கோடை' என்றதும் வெயில் காலத்தை நினைக்கிறோம். சங்க நூலில் கோடை ஒரு மலையின் பெயர். கடியநெடு வேட்டுவன் அதன் தலைவன். பெருந்தலைச் சாத்தனார் அவனைப் பாடியது புறநானூற்றில் உள்ளது. அந்த மலை இன்றைய கோடைக்கானல் பகுதியே என்று அறிஞர் பலர் கருதுவர். கோடை என்பதற்கு மேல்காற்று என்ற பொருளும் உண்டு. பெயரை வைத்தே 'இது வெயில் காலத்தில் போக வேண்டிய ஊர்' என்று முடிவு செய்வோமானால் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சொல் ஒன்றுக்கு அநீதி இழைக்கிறோம்.

அங்கே பெருமழை பெய்வது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவக்காற்றால். தொல்காப்பியர் சொன்ன கூதிர் அதுவே. இலக்கியத்தில் கூதிர் யாமம் இனியது. இரவில் மலைவழியே வரும் தலைவனுக்காகத் தலைவி அஞ்சும் அச்சமெல்லாம் அந்த மழையிலிருந்தும் இருளிலிருந்தும் பிறந்தது. அந்த அச்சம் வெறும் கற்பனை அன்று. 2018 நவம்பர் 16இல், ஐப்பசி முடியும் நாளில், வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் நம் புதுக்கோட்டை மாவட்டத்துத் தென்னைகளையும் பலாமரங்களையும் சாய்த்துவிட்டு மேற்கே சென்று கோடைக்கானல் மலையிலும் மண்சரிவையும் உயிரிழப்பையும் உண்டாக்கிற்று. சமவெளியும் மலையும் ஒரே காற்றால் ஒரே நாளில் அடிபட்டதை அன்று கண்டோம். ஆகவே இலக்கணம் சொல்கிறதே என்று கார்த்திகை அடைமழையில் மலையேறுமாறு நாம் யாருக்கும் சொல்ல மாட்டோம்.

அடைமழை ஓய்ந்தபின் வருவது முன்பனி. மார்கழி பாதியிலிருந்து மாசி வரை வானம் தெளிந்து, பள்ளத்தாக்குகள் நெடுந்தொலைவு தெரியும். மழையால் ஊறிய ஓடைகளில் நீர் இருக்கும். விடியற்காலையில் தாழ்ந்த புல்வெளிகளில் உறைபனி படியும். தெளிந்த வானத்தின் அருமை வானியலாருக்குத் தெரிந்திருந்தது. பருவமழை பொய்த்துப் பஞ்சங்கள் வந்த நூற்றாண்டில், கதிரவனின் மாற்றங்களுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று அறிய விரும்பிய அரசு, நீலகிரியையும் பழனிமலையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு 1899இல் கோடைக்கானலில் கதிரவ ஆய்வுக்கூடத்தை நிறுவியது. கதிரவனின் கரும்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது அங்கேதான். ஏரியில் படகு விட்டுத் திரும்புகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஆய்வுக்கூடத்தின் வாயில் வரை செல்கிறார்கள்?

இன்னொரு பருவம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. குறிஞ்சி பூக்கும் ஆண்டுகளை 1838இலிருந்து கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அண்மையில் பூத்தவை 2006, 2018. ஆகஸ்டு தொடங்கி அக்டோபர் வரை, அதாவது கார்காலத்தில், சரிவுகள் நீலம் பூசிக்கொள்ளும். மே மாதம் மட்டுமே மலைக்குப் போகிறவர் வாழ்நாள் முழுதும் போனாலும் அதைக் காணமாட்டார். கோடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலை 1936இல் கட்டியவர் லீலாவதி ராமநாதன் அம்மையார். ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். சேயோன் மேய மைவரை உலகத்துக்கு அயல்நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் அதன் பூவின் பெயராலேயே முருகனுக்குக் கோயில் எடுத்தார். அவருக்கிருந்த திணையுணர்வு நமக்கு ஏன் குறைந்தது என்று எண்ணும்போது கூச்சமாகவே இருக்கிறது.

எல்லோரும் ஒரே மாதத்தில் ஏறுவதன் விளைவு மலைக்கு என்னவென்பது இப்போது நீதிமன்ற ஆணைகளில் பதிவாகியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் இ-பாஸ் இன்றி வண்டிகள் செல்ல இயலாது என்று ஆயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வண்டிகளே என எல்லை வகுத்தார்கள். மழை பெய்து ஆறு மாதம் ஆகி, ஓடைகள் மெலிந்திருக்கும் வேனிலில்தான் இத்தனை வண்டிகளும் இத்தனை தலைகளும் மேலே போகின்றன. குடிநீர் லாரிக்காகக் காத்திருக்கும் உள்ளூர்க்காரரின் மே மாதம் நம் மே மாதம் அன்று.

'விடுமுறை மே மாதத்தில்தானே கிடைக்கிறது, நாங்கள் என்ன செய்வது' என்ற கேள்வி நியாயமானது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கல்லூரி ஆசிரியர்களாகிய நமக்கு வாய்க்கும் வசதி கடையில் நிற்பவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் இல்லை. ஆயினும் அரையாண்டுத் தேர்வு விடுமுறை மார்கழியில் வருகிறது. பொங்கல் விடுமுறை தையில் வருகிறது. ஆண்டிறுதி இரவின் ஆரவாரத்தைத் தவிர்த்துவிட்டால் அவை முன்பனிக்குள் அமைந்த நல்ல நாட்களே. நம் முன்னோர் காவடி எடுத்த மாதமும் அதுவே. இரவில் குளிரும், கம்பளி வேண்டும், அவ்வளவுதான். பேருந்தில் திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகச் செல்லுங்கள். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயரின் ஊர் அது. வெயில் தாங்க முடியாத சித்திரையில் மரத்தடியும் கிணற்றடியும் மோர்ப்பந்தலும் நமக்குப் புதியவை அல்ல.

குறிஞ்சி அடுத்துப் பூக்க வேண்டிய ஆண்டு 2030. ஆவணி முழுதும் பள்ளி நாட்கள். ஆனால் காலாண்டுத் தேர்வு விடுமுறை புரட்டாசியில் வரும். அந்த ஒரு வாரத்துக்குள் போய் வந்துவிடலாம்.